நில நிர்வாகப் படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது: எங்கே தொடங்கலாம், எங்கே சிக்கும்

வந்த கேள்வி இது: "நில அளவையும் புவித்தகவலியலும் சொல்லித்தரும் துறை எங்களுடையது. நில நிர்வாகத்துக்குத் தனி முதுநிலைப் படிப்பு தொடங்க நினைக்கிறோம். வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தினால் உண்மையில் பலன் உண்டா? ஒப்பந்தம் போட்டு, போட்டோ எடுத்ததோடு நின்றுபோன கதைகளைத்தான் அதிகம் கேட்கிறோம்."

பலன் உண்டு. நீங்கள் கேட்ட கதைகளும் உண்மைதான். அப்படி ஒன்றில் நானே இருந்திருக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்கள், பெரியவர்கள் கையெழுத்து, சால்வை, புகைப்படம் எல்லாம் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, எங்களுக்குப் பருவம் தொடங்கும் மாதத்தில் அவர்களுக்குத் தேர்வு. இரண்டு வருடத்தில் நடந்தது ஒரே ஒரு இணையவழி உரை. அதிலும் பாதி நேரம் "சத்தம் கேட்கிறதா?" என்று கேட்பதிலேயே போனது. யார் மீதும் குற்றமில்லை. ஒப்பந்தம் பத்துப் பக்கம் இருந்தது. எந்த மாணவர் எந்த வாரத்தில் யாரோடு உட்கார்ந்து என்ன செய்வார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தப் படிப்புக்குக் கூட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1996-இல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நிலத்தின் உடைமை, மதிப்பு, பயன்பாடு ஆகியவை பற்றிய தகவலைத் தீர்மானித்து, பதிவு செய்து, பிறருக்குக் கிடைக்கச் செய்யும் பணி என்று நில நிர்வாகத்தை அது வரையறுத்தது. உடைமை என்றால் சட்டம். மதிப்பு என்றால் பொருளாதாரமும் வரியும். பயன்பாடு என்றால் திட்டமிடல். இதையெல்லாம் வரைபடத்தில் உட்கார வைக்க அளவை வேண்டும், கணினியில் உட்கார வைக்கத் தகவல் தொழில்நுட்பம் வேண்டும். இத்தனைக்கும் ஆள் வைத்திருக்கும் ஒரே துறை கிடைப்பது அபூர்வம். அளவைப் பக்கமிருந்து வரும் மாணவர் ஒரு மூலைக் கல்லை மில்லிமீட்டர் கணக்கில் பிடித்துவிடுவார். அந்தக் கல் தப்பான இடத்தில் நடப்பட்டிருந்தால் அதை நகர்த்த யாருக்கு அதிகாரம் என்று கேட்டால் முழிப்பார். சட்டப் பக்கமிருந்து வருபவர் சொத்துரிமைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருப்பார். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலைப் பார்க்கத் தோன்றாது.

அதனால் என் முதல் யோசனை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். முதல் கூட்டாளியை வெளிநாட்டில் தேட வேண்டாம், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சட்டத் துறையில் தேடுங்கள். சட்ட ஆசிரியர் ஒருவரும் அளவை ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் ஒரே எல்லைத் தகராறை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்திப் பார்க்கட்டும். அது நடக்காத இடத்தில் கண்டம் தாண்டிய கூட்டு நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, அது நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெளிநாடு எதற்கு?

தன் நாட்டு நில முறை மட்டுமே தெரிந்தவருக்கு அது ஒரு முறை என்பதே தெரியாது. சூரியன் கிழக்கில் உதிப்பது போல, பதிவு இப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்வார். இதை உடைக்க நான் பயன்படுத்தும் பயிற்சி ஒன்று உண்டு. எளிதானது, செலவில்லாதது. பல நாட்டு மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒரு வரி எழுதிப் போடுவேன்: "ஒருவர் தன் மனையில் பாதியை இன்னொருவருக்கு விற்கிறார். உங்கள் நாட்டில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை என்ன நடக்கும்?" ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய தாளில் படிகளை வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி: இதில் சர்வேயர் எப்போது வருகிறார்?

டென்மார்க் தாளில் அவர் முதலிலேயே வருகிறார். அங்கே உரிமம் பெற்ற தனியார் நில அளவையர்தான் பிரிவினைக்கான அளவையையும் கோப்பையும் தயாரிக்கிறார்; அது ஒப்புதலாகாமல் பாதி மனை தனி மனை ஆகாது. நெதர்லாந்து தாளில் வழக்கமான வரிசை தலைகீழ். நோட்டரி பத்திரம் எழுதுகிறார், அது பதிவாகிறது. அதன்பிறகு நிலப்பதிவு அமைப்பான 'கடாஸ்டர்' அனுப்பும் அளவையரிடம் வாங்கியவரும் விற்றவரும் எல்லை எங்கே என்று காட்டுகிறார்கள். ஸ்வீடன் தாளில் அவர் அளப்பவர் மட்டுமல்ல. நில அளவை ஆணையத்தின் சார்பில் இரு தரப்பையும் கேட்டுப் பிரிவினையைத் தீர்மானிப்பவரே அவர்தான், கிட்டத்தட்ட ஒரு நடுவர் மாதிரி. இங்கிலாந்து தாளில் அவர் வராமலே காரியம் முடிந்துவிடலாம். அங்கே பதிவேட்டு வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு தோராயமான எல்லையை மட்டுமே காட்டுகிறது. சரியான கோடு வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அது சொல்வதில்லை. 2002-ஆம் வருடத்து நிலப் பதிவுச் சட்டமும் அந்த விதியை அப்படியே வைத்திருக்கிறது.

நான்கு தாள்களையும் பார்த்துவிட்டு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். ஒருமுறை கானாவிலிருந்து வந்த மாணவி ஒருவர், "எங்கள் தாளில் முதல் படியே தப்பு" என்றார். விற்கிறவர் என்று ஒருவர் இருந்தால்தானே மற்ற படிகள்? அங்கே நிலத்தின் பெரும்பகுதி வழமை உரிமையில், அதாவது சமூக வழக்கப்படியான உரிமையில் இருக்கிறது. 'ஸ்டூல்' என்று சொல்லும் தலைவரின் இருக்கையின் பெயரில் உள்ள நிலத்தை முழு உரிமையாக யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 1992 அரசமைப்பே சொல்கிறது, குத்தகைக்கு விடலாம். "பாதியை விற்கிறார்" என்று நான் எழுதிப் போட்ட அந்த ஒரு வரியில் எவ்வளவு அனுமானம் ஒளிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. நான் தனியாக எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பாடம் அந்த வகுப்புக்குக் கிடைத்திருக்காது.

இதே வேலையை ஆராய்ச்சியாக எடுத்துச் செய்த கூட்டும் உண்டு. 2001 முதல் 2005 வரை ஐரோப்பாவின் 'காஸ்ட்' என்ற ஆராய்ச்சிக் கூட்டுறவுத் திட்டத்தில் ஜி9 என்ற எண்ணில் ஒரு பணி நடந்தது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, சொத்து கைமாறுவதும் மனை பிரிவதும் தங்கள் நாட்டில் எப்படி நடக்கிறது என்பதை ஒரே மாதிரியான வரைபட மொழியில் எழுதிப் பார்த்தன. படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரே பெயருள்ள படி இரண்டு நாட்டில் இரண்டு வேலை செய்வது தெரியும். அந்தப் பணியில் எனக்குப் பிடித்தது, எவருடைய முறை சிறந்தது என்று போட்டி வைக்காமல் எப்படி நடக்கிறது என்று முதலில் எழுதச் சொன்னதுதான். மாணவர்களிடமும் அதையே வலியுறுத்துங்கள். விவரிக்கும் முன் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம்.

இப்படி ஒப்பிட ஒரு பொது இலக்கணம் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது: எல்ஏடிஎம் என்று சுருக்கமாகச் சொல்லும் நில நிர்வாகத் தரவு மாதிரி. 2002-இல் வாஷிங்டனில் நடந்த உலக நில அளவையர் கூட்டமைப்பின் மாநாட்டில் இதற்கான யோசனை முன்வைக்கப்பட்டது. கிறிட் லெம்மன், பீட்டர் வான் ஓஸ்டெரோம் ஆகிய இருவரும்தான் முன்னின்று வளர்த்தார்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் ஐடிசி என்ற கல்வி நிறுவனம், டச்சு நிலப்பதிவு அமைப்பு என்று சில இடங்களின் உழைப்பு அதில் இருக்கிறது. 2012-இல் ஐஎஸ்ஓ 19152 என்ற உலகத் தரமானது. 2024-இலிருந்து மதிப்பீடு, இடத் திட்டமிடல், கடற்பரப்பு என்று பகுதி பகுதியாக விரிந்து வருகிறது.

உள்ளே பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். யார் என்பது ஒரு பெட்டி. அது தனி ஆளாக இருக்கலாம், ஒரு குலமாகவும் இருக்கலாம். என்ன உரிமை, என்ன கட்டுப்பாடு, என்ன பொறுப்பு என்பது அடுத்த பெட்டி. அந்த உரிமை ஒட்டிக்கொண்டிருக்கும் சொத்து அலகு இன்னொன்று. அது தரையில் எங்கே என்பது கடைசிப் பெட்டி. அங்கே துல்லியமான ஆயத்தொலைவுகள் வேண்டும் என்பதில்லை, ஒரு புள்ளியோ கையால் வரைந்த ஒரு படமோ போதும். கானா மாணவியின் தாளையும் டென்மார்க் மாணவரின் தாளையும் இந்த நான்கு பெட்டிகளில் அடைத்துப் பார்க்கலாம். அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எது என்பதுதான் நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெட்டி கிடைத்ததும் மாணவர்கள் பெட்டியை நிரப்புவதிலேயே இறங்கிவிடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்க மறந்துவிடும்.

அடுத்து, எப்படிப்பட்ட கூட்டு? இதற்கு வரலாற்றில் இரண்டு மூன்று அச்சுகள் உண்டு. பழையது, ஒரு மையத்துக்கு எல்லோரும் போய்ப் படிப்பது. 1950-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் தொடங்கிய ஐடிசி அதற்கு நல்ல உதாரணம். தொடங்கியவர் வில்லெம் ஸ்கெர்மெர்ஹோர்ன், போருக்குப் பிறகு அந்த நாட்டின் பிரதமராக இருந்த அளவைப் பேராசிரியர். 1971-இல் என்ஸ்கெடே நகருக்கு மாறி, 2010-இல் ட்வெண்டே பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாகச் சேர்ந்தது. பல நாட்டு நிலத் துறைகளின் அதிகாரிகள் அங்கே படித்துத் திரும்பியிருக்கிறார்கள். இதில் ஆளுக்கு நல்ல படிப்பு கிடைக்கும். அனுப்பிய நாட்டின் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு வகுப்பும் உருவாகாது.

அதே ஐடிசியின் கைகொடுப்பில் 1966-இல் டேராடூனில் வான்படங்களைப் படித்துப் பொருள்கொள்ளக் கற்றுத்தரும் நிறுவனம் உருவானது, இன்றைய ஐஐஆர்எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்). பின்னாளில் பாதிப் படிப்பு டேராடூனில், மீதி என்ஸ்கெடேயில் என்று கூட்டு முதுநிலைப் படிப்பும் அங்கே நடந்தது. இந்தச் 'சாண்ட்விச்' முறைதான் நடுத்தரச் செலவில் நிற்கக்கூடியது என்பது என் எண்ணம். ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாணவரை வழிநடத்த வேண்டியிருப்பதால், வேண்டாம் என்றாலும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது அச்சு ஆப்பிரிக்காவில் உருவானது: நெல்கா என்னும், நில ஆளுகை சொல்லித்தரும் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு. தான்சானியாவின் ஆர்தி பல்கலைக்கழகம், கானாவின் குமாசியில் உள்ள குவாமே ந்க்ருமா பல்கலைக்கழகம், நமீபிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், செனகலின் காஸ்டன் பெர்ஜே பல்கலைக்கழகம், மொராக்கோவின் இரண்டாம் ஹசன் வேளாண் கால்நடை நிறுவனம் என்று பகுதிக்கு ஒரு முனை. ஆப்பிரிக்க நிலக் கொள்கை மையம் ஒருங்கிணைக்கிறது. பணத்தில் பெரும் பங்கு ஜெர்மனியின் வளர்ச்சி உதவியிலிருந்து வந்தது. அக்கம்பக்கத்து நாடுகள் தங்களுக்குள் கற்றுக்கொள்வதுதான் இதன் அடிப்படை எண்ணம். பிரச்சினைகளும் இல்லாமலில்லை. பிரெஞ்சு பேசுபவர்கள் நிலம் சார்ந்ததையெல்லாம் 'ஃபோன்சியே' என்று ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலக்காரர்கள் நான்கு சொல்லில் சொல்கிறார்கள். நான்கும் சேர்ந்தாலும் அதே பொருள் வருவதில்லை. உதவிப் பணத்தில் ஓடும் எதற்கும் உள்ள கேள்வியும் உண்டு: பணம் நின்றால் எது மிஞ்சும்? நான் பார்த்தவரை மிஞ்சுவது ஆசிரியர்களுக்கு இடையே உள்ள பழக்கமும், சேர்ந்து எழுதிய பயிற்சிகளும்தான்.

யார் யாருக்குச் சொல்லித்தருவது என்பதில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. பணக்கார நாடு ஆசிரியர், மற்ற நாடு மாணவர். ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இலிருந்து சில வருடங்களில், வான்படங்களை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் எல்லையை நடந்து காட்டச் சொல்லி, படத்தில் கோடு போட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் பதிவாகின. இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். உலகில் உள்ள சுமார் 600 கோடி நிலத்துண்டுகளில் முறையாகப் பதிவானவை 150 கோடிதான் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் மதிப்பீடு. மீதியை ஒவ்வொன்றாகக் கருவி வைத்து அளந்து முடிக்க எத்தனை தலைமுறை ஆகும்? 2014-இல் நில அளவையர் கூட்டமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட 'தேவைக்கேற்ற நில நிர்வாகம்' என்ற அணுகுமுறை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. தேவைப்படும் இடத்தில் துல்லியம், மற்ற இடத்தில் வேகம்.

ஐரோப்பிய மாணவர்கள் இதைக் கற்க ருவாண்டாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே முசான்சேயில் (பழைய பெயர் ருஹெங்கெரி) உள்ள ஐனெஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் நில நிர்வாகம் பாடமாக இருக்கிறது. எத்தியோப்பியாவின் பஹிர் தார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. ஆகவே உங்கள் கூட்டாளிப் பட்டியலில் பெயர்பெற்ற ஐரோப்பியப் பெயர்கள் மட்டும் இருந்தால், அந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அளவைத் துறை ஆசிரியர்களில் பலருக்கு இந்த 'வேகம்' பிடிக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். கருவியில் வாழ்க்கையைக் கழித்தவரிடம் அச்சிட்ட படத்தில் பேனாக்கோடு போதும் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அந்தச் சண்டையை வகுப்பறையிலேயே நடத்துங்கள், மாணவர்களுக்கு நல்லது.

பகிர முடியாதது எது? சட்டம். இன்னொரு நாட்டின் சொத்துச் சட்டத்தைப் பாடப்புத்தகமாக இறக்கினால் மாணவர் இரண்டையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வெளியே வருவார். முறைகள், கருவிகள், ஒப்பிடும் பயிற்சிகள் பகிரக்கூடியவை. சட்டப் பாடம் அந்தந்த நாட்டு ஆசிரியரிடம்தான் இருக்க வேண்டும். தொழில் உரிமமும் இதே கதைதான். கூட்டுப் பட்டம் வாங்கிய ஒருவர் தானாக உரிமம் பெற்ற நில அளவையர் ஆகிவிட மாட்டார். உரிமம் தரும் அமைப்பை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். படிப்பு முடிந்த பிறகு போய் நின்றால் பதில் என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நிர்வாகச் சிக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கணக்கில் ஒரு வருடம் 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் கணக்கு வகுப்பறை மணி நேரத்தை மட்டும் எண்ணுவதாக இருந்தால் மாற்று அட்டவணையை முதலிலேயே எழுதி வையுங்கள். இரண்டு பெயரும் போட்ட ஒரே சான்றிதழா, இரண்டு தனித்தனிச் சான்றிதழா என்பது இரு நாட்டு அங்கீகார விதிகளைப் பொறுத்தது; முதல் சில வருடங்களுக்கு இரண்டும் வேண்டாம், பாட அளவிலான பரிமாற்றம் போதும். மென்பொருளில் இலவசமானதையே எடுங்கள். ஐ.நா. வாழ்விடத் திட்டத்தின் நிலக் கருவி வலையமைப்பு உருவாக்கிய எஸ்டிடிஎம் என்ற நில உரிமைப் பதிவுக் கருவி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் மேல் ஓடுவது. பணம் கட்டி வாங்கும் உரிமம் ஒரு பக்கம் காலாவதியானால் பயிற்சியும் அன்றைக்கே நிற்கும்.

தரவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாணவர்களுக்கு உண்மையான நிலப் பதிவு வேண்டும். உண்மையான பதிவில் உண்மையான ஆட்களின் பெயர் இருக்கிறது. பெயரை மட்டும் அழித்தால் போதாது. நிலத்துண்டின் வடிவமும் இடமும் தெரிந்தால், அந்தப் பகுதி ஆளுக்கு அது யாருடையது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் செய்வது இது: ஒரு பகுதியின் நிலத்துண்டுகளை மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்தி, கொஞ்சம் சுழற்றி, ஊர்ப் பெயர்களை மாற்றி, வாரிசு வரிசையையும் கலைத்து ஒரு கற்பனை ஊர் உருவாக்குவது. தகராறுகளின் தன்மை அப்படியே இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஒருமுறை உட்கார்ந்து செய்தால் பல வருடம் ஓடும். கூட்டாளிகள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு ஊரைக் கொண்டுவந்தால், அதுவே பெரிய சொத்து.

ஆகவே தொடக்கத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டு பல்கலைக்கழகங்கள், தலா பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு வாரம். முதல் வாரம் அவரவர் இடத்திலிருந்து, பாதி மனை விற்கும் அந்தத் தாளை வரைந்து, அடுத்தவர் தாளில் புரியாத இடங்களைக் கேள்வியாக எழுதி அனுப்புவது. இரண்டாவது வாரம் கலப்புக் குழுக்களாக ஒரு கற்பனை ஊரின் ஒரு தகராறைத் தீர்ப்பது, முதலில் ஒரு நாட்டுச் சட்டப்படி, பிறகு மற்ற நாட்டுச் சட்டப்படி. ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் இருவர் இருவர். ஒருவர் அளவை, ஒருவர் சட்டம். ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகும் கூட்டு, அவருக்கு மாற்றல் வந்த அன்றைக்குப் படுத்துவிடும். இதை மூன்று முறை நடத்திய பிறகும் இரு பக்கமும் பேசிக்கொண்டிருந்தால், அப்போது ஒப்பந்தத்தை எழுதலாம். அதற்குள் இரண்டு பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கால அட்டவணையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்து, இரு தரப்புக்கும் வகுப்பு நடக்கும் வாரங்கள் எத்தனை என்று எண்ணிவிடுங்கள். எங்கள் விஷயத்தில் அது நான்கு. அதில் ஒன்று விடுமுறை வாரம்.